மிளகுக்காரிகள் இருவர்

"பத்தே நிமிஷம்மா. அந்தப் புத்தகத்தைக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"சார், அஞ்சு மணிக்குள்ள நான் மதிப்புரை அனுப்பணும். இப்பவே நாலு. இந்த லைப்ரரியில இருக்கறதே ஒரே ஒரு பிரதி. என்னை விட்டுடுங்க!"

வரலாற்று விரிவுரையாளரான அவள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தென்கிழக்காசியத் துறைமுகங்களில் வியாபாரம் செய்த பெண்களைப் பற்றிய ஆய்வு. முந்நூற்றுச் சொச்சம் பக்கம்.

எதிரே நின்ற கண்ணாடிக்காரர் நகர்வதாக இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விட்டார்.

"எதுக்கும்மா இவ்வளவு அவசரம்?"

"ஆய்விதழ்ல என்னோட ரெண்டு மதிப்புரையைத் திருப்பி அனுப்பிட்டாங்க சார். ஆழமா படிக்கலையாம். மூணாவதும் திரும்பி வந்தா வேற ஆளைப் பார்த்துக்கறோம்னு முகத்துக்கு நேராவே சொல்லிட்டாங்க."

"அப்ப நல்லா திட்டி எழுதுங்க."

"திட்டறதா? இந்தம்மா என்னமா எழுதியிருக்காங்க தெரியுமா! அதுலயும் அஞ்சாம் அத்தியாயம்! முந்நூறு வருஷத்துக்கு முன்னால ஒரே துறைமுகத்துல மிளகு வித்த ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி வியாபாரத்தை ஒருத்தி எப்படிக் கவுத்தாங்கன்னு நாப்பது பக்கம். நான் அதைப் பாராட்டியே முக்கால் பக்கம் எழுதியிருக்கேன்."

கண்ணாடிக்காரர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"கெட்டுது போங்க. அந்த ரெண்டு பேரும் ஒரே ஆளும்மா."

"என்னது!"

"உஷ்!" என்றார் நூலகர் அம்மா, மேசைக்குப் பின்னாலிருந்து.

கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஊர்ல தலைப்பிள்ளை பொறந்ததும் பெத்தவளோட பேர் போயிடும். அப்புறம் சாகறவரைக்கும் இன்னாரோட அம்மாதான். கடிதாசியிலயும் அப்படித்தான் எழுதுவாங்க. முதல் பொம்பளையோட கடைசிக் கடிதம் எந்த மாசம்?"

அவள் பரபரவென்று புரட்டினாள். "மார்ச்."

"அடுத்தவளோட முதல் கடிதம்?"

"ஏப்ரல்... ஐயையோ."

"நூத்தி நாப்பத்து மூணாம் பக்கம், ரெண்டு பேர் முத்திரையும் இருக்கு, பாருங்க."

"இது வால் ஒடிஞ்ச மீன். இதுவும்..." அவள் கண் விரிந்தது. "இதுவும் வால் ஒடிஞ்ச மீன்! அப்ப அந்த நாப்பது பக்கச் சண்டை?"

"யாரும் யாரோடயும் சண்டை போடலை. அவ புள்ளையைப் பெத்துட்டு வந்து மறுபடி கடையைத் திறந்திருக்கா. அவ்வளவுதான்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினாள். நிற்கவில்லை. கண்டிக்க வந்த நூலகர் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

"தன் வியாபாரத்தைத் தானே கவுத்துக்கிட்டாளா! என்னை எங்க தெருவுல இருபது வருஷமா சின்னவன் அம்மான்னுதான் கூப்பிடறாங்க. நாளைக்கு என்னையும் ரெண்டு பேரா எழுதிடுவாங்க போலிருக்கே!"

"இந்தப் புத்தகத்தை எழுதின அம்மாவுக்குப் புத்தி எங்க சார் போச்சு?" என்றாள் அவள்.

"எங்கயோ மேயப் போயிருச்சு" என்றார் கண்ணாடிக்காரர். காதெல்லாம் சிவந்திருந்தது.

"சரியான அரைவேக்காடு!"

"எழுதுங்க, அதையும் சேர்த்து எழுதுங்க."

முக்கால் பக்கப் பாராட்டு ஒரே தட்டில் காணாமல் போனது. மார்ச், ஏப்ரல், இரண்டு மீன்கள் எல்லாம் மதிப்புரைக்குள் ஏறின. அவள் தட்டச்சு செய்த வேகத்தில் மேசை ஆடியது. இந்த முறை எவனும் ஆழமில்லை என்று சொல்லிவிட முடியாது!

நாலு ஐம்பத்தைந்துக்கு முடிவுரையை உரக்கப் படித்தாள். "இத்தனை பெரிய பிழை இருந்தும் இது அவசியம் படிக்கவேண்டிய நூல். சந்தைக்குள் நின்று இந்தப் பெண்களைப் பார்க்க ஒரு பெண்ணின் கண் வேண்டும். ஆண்களுக்கு அது வராது. எப்படி சார்?"

"எல்லாம் பிரமாதம். அந்தக் கடைசி ரெண்டு வரியை மட்டும் எடுத்துடுங்கம்மா."

"பார்த்தீங்களா! பொம்பளைங்களை ஒரு வார்த்தை பாராட்டினா உங்களுக்குப் பொறுக்காதே!"

அவர் தோள்பையைத் திறந்தார். உள்ளே ஒரு கட்டு பிழைதிருத்தச் சீட்டு, ஒரு பசைக்குப்பி.

"இதோட பதினேழு லைப்ரரி ஏறி இறங்கிட்டேம்மா, இந்தச் சீட்டை ஒட்டறதுக்கு. அட்டையில பேரைச் சுருக்கி ரெண்டே எழுத்தாப் போட்டது என் தப்புதான். ஆனா அந்தப் புத்தகத்தை எழுதின ஆளை வீட்டுல ரெண்டு பிள்ளைங்க அப்பான்னுதாம்மா கூப்பிடுதுங்க!"