கையை எடுத்துடாதீங்க மாமா

"மாமா, கையை எடுத்துடாதீங்க! எடுத்தா பலகை நிமிர்ந்துடும்."

அதட்டிவிட்டு, பலகை இடுக்கில் பூசும் பட்டி வாங்கக் கிளம்பினார் தச்சர். முக்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார், வளைந்த பிளைவுட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். எழுபது வயதிருக்கும்.

போட்டோ ஸ்டுடியோ முதலாளியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவரும் தரையும் சேரும் மூலை படத்தில் தெரியக் கூடாதென்று வழுவழுப்பான வளைவு ஒன்று கேட்டிருந்தாள். அதற்காக ஒரு பெரியவரையா பாடாய்ப் படுத்துவது? மூன்று நாளாக இதே கூத்து.

வாசலில் தச்சரை மடக்கினாள். "ஏங்க, துணைக்கு ஒரு ஆள் வெச்சுக்கக் கூடாதா? பொண்ணைக் கொடுத்த பாவத்துக்கு இவர்தான் கிடைச்சாரா?"

"மாமா பிடிச்சாதான் மேடம் சரியா வருது."

சிரித்துக்கொண்டே நழுவிவிட்டார். சரியான கல்லுளிமங்கன்!

பெரியவருக்குத் தண்ணீர் கொண்டுபோனவள், பலகையைக் கிட்டத்தில் பார்த்துத் திகைத்தாள். மேலே, கீழே, நடுவே என்று வரிசையாக ஸ்க்ரூ முடுக்கியிருந்தது. யானை முட்டினாலும் நிமிராது. ஓரத்தில் மிச்சமிருந்த பலகையைத் தொட்டாள். ஒரு கைக்கே பாய் மாதிரி வளைந்து கொடுத்தது.

மூன்று நாளும் வெட்டியாகவா பிடிக்க வைத்தான்? வரட்டும், இன்றைக்கு உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன்.

"ஐயா, கையை எடுங்க. இது தானா நிக்குது. மாப்பிள்ளை உங்களை ஏமாத்துறார். நீங்க வீட்டுக்குப் போங்க, அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

பெரியவர் கையை எடுக்கவில்லை.

"தெரியும்மா. ஸ்க்ரூ போடுறப்ப நானும் பார்த்துட்டுதானே இருந்தேன்."

"அப்புறம் ஏன்யா...?"

"என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து ஒரு மாசம் ஆகுது. மகளும் வேலைக்குப் போயிடுறா. சாப்பிடாம கொள்ளாம, சுவத்தையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். 'நீங்க இல்லாம இந்த வேலை நடக்காது மாமா'ன்னு கையோட கூட்டிட்டு வந்துட்டார்."

பலகையை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நான் வீட்ல தனியா இருந்தா, அவருக்கு இங்க வேலை ஓடாதும்மா. அதான் பிடிச்சுட்டு இருக்கேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் செருப்புச் சத்தம். "மாமா, விட்டுடலையே?"

பெரியவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நல்லவேளை, இவர் பிடிச்சார். பெயின்ட் காயுற வரைக்கும் தினமும் கூட்டிட்டு வந்துடுங்க!"