மீன் இல்லாத ஓடை

ஐந்தாவது மீன்கூண்டும் காலியாகத்தான் வந்தது.

கிளாஃபிரா அதைக் கரையில் கவிழ்த்துத் தட்டினாள். இரையாக வைத்த மீன்முட்டைகள் பாசியோடு பாசியாக விழுந்தன.

"கிளம்பலாம் அண்ணி. நாலு மணி நேரம் நடக்கணும், கரடி வேற சுத்துது" என்றான் கணவனின் தம்பி நிக்கிஃபர். தோளில் துப்பாக்கி, முகமெல்லாம் கொசு.

அவள் ஆறாவது கூண்டின் கயிற்றைத் தேடித் தண்ணீரில் இறங்கினாள்.

ஓடை என்று சொல்வதே அதிகம். ஒரே எட்டில் தாண்டிவிடலாம். ஆனால் அது போய்ச் சேரும் ஆற்றில்தான் ஒவ்வொரு கோடையிலும் சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஏறி வந்து முட்டையிடும். கீழே மூன்று ஊர்களுக்குக் குளிர்காலச் சாப்பாடு அதுதான்.

சுரங்கக் கம்பெனி வெட்டப்போகும் குழி இந்த ஓடையின் தலைமாட்டில் தொடங்குகிறது. அவர்களுடைய அறிக்கையில் ஓடைக்கு நேரே இரண்டே சொற்கள்: மீன் இல்லை.

ஒரு குஞ்சைக் காட்டினால் போதும், ஓடை அரசாங்கப் பட்டியலில் ஏறிவிடும். பிறகு அதன்மேல் ஒரு கூடை மண் கொட்டவும் அவர்கள் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

இந்தக் கோடையில் அவள் வருவது நான்காம் முறை. வேறு யாரையாவது அனுப்பலாமே என்று ஊரில் எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அவளே கூண்டுகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

கூண்டு பாறைக்கடியில் சிக்கியிருந்தது. முழங்கால்வரை நனைந்து அதை இழுத்துத் தூக்கியபோது உள்ளே ஏதோ துள்ளியது.

விரல் நீளம். விலாவில் கரிய பட்டைகள், ஆரஞ்சு நிறத் துடுப்பு. சால்மன் குஞ்சு.

நிக்கிஃபர் சிரித்தே விட்டான். அளவுகோலை வைத்துப் படம் எடுத்தார்கள். இடத்தைக் குறித்துக்கொண்டார்கள். குஞ்சைத் திரும்ப விட்டதும் அது கல்லுக்கடியில் மறைந்தது.

"மீன் இல்லைன்னு எழுதினவன் கண்ணைப் பொடனியில வச்சிருந்தானா? கையில கிடைக்கட்டும், இந்தத் தண்ணியிலயே முக்கி எடுக்கறேன்" என்றான் நிக்கிஃபர்.

அவள் பாறைமேல் உட்கார்ந்து அரசாங்கப் படிவத்தை நிரப்பினாள். தேதி, இடம், நீளம். அதோடு நிற்காமல் கீழே இருந்த வெற்றிடத்திலும் எழுதத் தொடங்கினாள். படமே இருக்கிறதே, இன்னும் என்ன எழுத இருக்கிறது என்று கேட்டான் அவன்.

"ஒரு காகிதம் இருக்குங்கும், ஒண்ணு இல்லைங்கும். எது நெசம்னு வருசக்கணக்கா இழுப்பாங்க. மொதக் காகிதம் பொய்யின்னு அதை எழுதின ஆளே சொல்லணும்."

அந்த ஆளை எங்கே போய்த் தேடுவது என்றான் நிக்கிஃபர்.

அவள் எழுதி முடித்துக் காகிதத்தை அவனிடம் நீட்டினாள்.

'நான்கு ஆண்டுகளுக்கு முன் சுரங்கக் கம்பெனியின் மீன் கணக்கெடுப்புக்குக் கூலியாக இங்கே வந்தேன். மழை. ஹெலிகாப்டர் காத்திருந்தது. கூண்டு வைக்கவில்லை. கரையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, மீன் இல்லை என்று எழுதினேன்.'

அதன் கீழே அவளுடைய முழுப்பெயர்.

அவன் இரண்டு முறை படித்தான். ஊர் பார்க்கப்போகிறதே என்று மெல்லச் சொன்னான்.

"பாக்கட்டும். சாட்சின்னு போட்டிருக்கற எடத்துல நீ கையெழுத்துப் போடு" என்று பேனாவை நீட்டினாள் கிளாஃபிரா.