டியாக்ரா போதுமா?

“அப்பா ரோட்டுல தனியா விழுந்துட்டா, நமக்கு யாரும்மா வந்து சொல்லுவாங்க?”

ஆறு வயது மகள் திவ்யா ஒருநாள் இட்லியைப் பிட்டபடி வசுமதியிடம் இப்படிக் கேட்டாள். அடுத்த மாதமே அவள் அப்பா நரசிம்மன் விழுந்தார்.

விடியலில் சைக்கிள் ஓட்டப் போனவருக்குத் திருவிடந்தை அருகே சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டது. சவுக்குத் தோப்போரம் அரை மயக்கத்தில் கிடந்தவரை, மீன் கூடையோடு வந்த முனியம்மா என்ற அம்மாள் தூக்கி உட்கார வைத்தாள். தான் குடிக்க வாங்கிய டீயை அவருக்குப் புகட்டி, தெளியும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

பெருமாளே அவளை அனுப்பினார் என்று வசுமதி கும்பிட்டாள். ஆனால் தினமும் பெருமாளுக்கு இதே வேலை வைக்கலாமா?

சர்க்கரைக்கு நல்லது, சைக்கிள் ஓட்டுவதை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துணைக்கு ஆள் என்று பேச்செடுத்தாலே நரசிம்மன் முகம் வாடிவிடும். அவர் கிளம்பித் திரும்பும்வரை வசுமதி ரோட்டையே பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பாள்.

இன்று அவருக்குச் சொல்லாமல் கோவளத்தில் ஜோஷ்வாவின் சைக்கிள் கடைக்கு வந்திருந்தாள். கையோடு கொண்டுவந்த நீல ஃபிரேமில் மாட்ட, கியர், பிரேக், செயின் எல்லாம் அடங்கிய குரூப்செட் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளியே லாரி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அவள் தோள் குலுங்கியது.

ஜோஷ்வா இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தார். டியாக்ரா என்ற செட் நன்றாக உழைக்கும், 105 என்பது அதற்கு ஒரு படி மேல், கியர் இன்னும் நைசாக மாறும் என்றார்.

கியரை அவள் தொடவேயில்லை. பிரேக் லீவரை மட்டும் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். மழையில் பிடிக்குமா, நாய் குறுக்கே வந்தால் நிற்குமா, கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“இன்னா மேடம், வண்டிய கோக்கறதுக்குள்ளயே பத்து தபா வுழுந்துட்டீங்க போல கீது,” என்றார் ஜோஷ்வா.

அவள் சிரிக்க முயன்று தோற்றாள். “105 போட்ட வண்டியோட, டியாக்ரா போட்ட வண்டி சேர்ந்து போக முடியுமா? பின்தங்கிடுமா?”

“ஓட்றது காலு தானே மேடம். இந்த ஈசிஆர்ல மேடா கீது, மலையா கீது? தாராளமா போவும்.”

நண்பர்கள் மத்தியில் கணவர் பின்தங்கிவிடக் கூடாதென்று கவலைப்படுகிறாள் என நினைத்துக்கொண்டார் ஜோஷ்வா. அவள் டியாக்ராவையே எடுத்துக்கொண்டாள்.

“சாரை ஒருவாட்டி இட்டுகினு வாங்க. ஒயரம் பாத்து சீட்டு வெச்சுத் தரேன்.”

வசுமதி ரோட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“அவர்கிட்டதான் 105 இருக்கே. இது எனக்கு. நான் பின்னால வர்றது அவருக்குத் தெரியக் கூடாது.”

ஜோஷ்வா டியாக்ரா பெட்டியை மூடி வைத்தார். என்றைக்காவது அவர் திரும்பிப் பார்த்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

“கல்யாணமான புதுசுல, நான் பயந்து பயந்து வேலைக்குப் போனப்ப, அவர் ஸ்கூட்டர்ல என் பஸ் பின்னாலயே வந்தார். எனக்குத் தெரியாதுன்னுதான் இன்னும் நினைச்சிட்டிருக்கார்.”