முதல் ஆணி

கணினி வராத அந்தக் காலத்தில் சைக்கிள் பந்தயச் சங்கத்தின் தரவரிசை ஒரு மரப்பலகையில் தொங்கியது. வீரனுக்கு ஒரு தகரத் தகடு, இடத்துக்கு ஓர் ஆணி. பந்தயத்தில் பெற்ற புள்ளிக்கு ஓராண்டுதான் ஆயுள். திங்கட்கிழமைதோறும் எழுத்தர் சவரிராயன் காலாவதியான புள்ளிகளைக் கழித்துத் தகடுகளை இடம் மாற்றுவார்.

முழங்கால் உடைந்து பந்தயத்தை விட்ட ஞானமுத்து திங்கள் தவறாமல் நொண்டியபடி வந்துவிடுவான். "இன்னைக்கு எத்தனை படி இறங்கணும் சார்?"

ஒரு திங்கள், அவனுடைய கடைசி மூன்று புள்ளிகளின் முறை வந்தது. மலைப் பந்தயத்தில் சக்கரம் உடைந்து நின்ற தணிகாசலத்துக்குத் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்து, மாற்றுச் சக்கரம் வரும்வரை காத்திருந்து, பத்தொன்பதாவதாக வந்து வாங்கியவை அவை. அன்று வென்ற தணிகாசலம் இப்போதும் முதல் ஆணியில் இருந்தான்.

"கொடுத்ததுக்குப் புள்ளி போட விதியில இடமில்லப்பா" என்றார் சவரிராயன்.

"இருந்திருந்தா எல்லாரும் சக்கரத்தக் கழட்டிக்கிட்டு வழியிலயே நின்னிருப்பாங்க சார்." சிரித்தபடி, புள்ளி தீர்ந்த தன் தகட்டைப் பலகையிலிருந்து தானே எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் தணிகாசலம் வந்து போன பிறகு மேசையில் தகடு இல்லை. அடுத்த திங்கள், முதல் தகட்டைத் துடைக்கத் தூக்கினார் சவரிராயன். பின்னால், அதே ஆணியில், ஞானமுத்துவின் தகடு. சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, இரண்டையும் முன்பு இருந்தபடியே மாட்டினார்.

முதலிடம் பிடித்தவன் தன் தகட்டைத் தானே மாட்டுவது அங்கே வழக்கம். பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள். ஒவ்வொருவனும் அந்த ஆணியருகே சற்று நின்று, அதில் ஏற்கெனவே இருப்பவனைப் பார்த்துவிட்டு, தன் பெயரை முன்னால் மாட்டினான். யாரும் எதுவும் கேட்டதில்லை.