ஆம்பளைன்னு சொல்லும்மா

"ஆம்பளைன்னு சொல்லிடும்மா. அல்லா உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான்."

கிழவர் தோக்தோசுன் கெஞ்சக் கெஞ்ச மீரிமுக்கு எரிச்சலாக வந்தது. எலும்பை அளந்து ஆணா பெண்ணா என்று சொல்வதற்காகவே தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து வந்திருந்தாள்.

"பெரியவரே, எலும்பு யாரோட சிபாரிசையும் கேக்காது."

கணவாயில் பனி உருகி வெளியே வந்த எலும்புகள் பள்ளிக்கூட மேசையில் கிடந்தன. எப்போதோ அங்கே தொலைந்துபோன வேட்டைக்காரன்தான் என்று ஊரே அடித்துச் சொன்னது. தோக்தோசுனுக்கு மட்டும் ஏன் இந்தப் பதற்றம்?

வாசலில் கூடிச் சிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் சீண்டினான்.

"மக லாரி டிரைவரோட ரஷ்யாவுக்கு ஓடி ஒன்பது வருஷமாச்சு. அவ பேரைச் சொன்னாலே சாட்டையத் தூக்குவீரு. இன்னிக்கு என்னவாம்?"

"எனக்கு மகளே கிடையாது!" என்று கத்தினார் தோக்தோசுன். கோபம் அப்படியே மனைவி புருல் பக்கம் திரும்பியது. "எல்லாம் இவ வளர்த்த லட்சணம்!"

புருல் கையிலிருந்த பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பாவம், ஒன்பது வருஷமாகக் கேட்ட பேச்சுதான்.

மீரிம் தொடை எலும்பின் உருண்டைத் தலையில் வெர்னியர் அளவுகோலை வைத்தாள். நாற்பத்தொரு மில்லிமீட்டர். ஆணுக்கு இது சிறியது. ஒரு அளவை மட்டும் நம்பக் கூடாது என்று இடுப்பெலும்பையும் எடுத்துப் பார்த்தாள். அதன் வளைவில் கட்டைவிரல் தாராளமாக அசைந்தது.

"பொம்பளை. இருபது, இருபத்தஞ்சு வயசிருக்கும்."

வாசலில் சிரிப்பு நின்றுபோனது. அந்த வட்டாரத்தில் தோக்தோசுனின் மகளைத் தவிர காணாமல் போன பெண் வேறு யாருமில்லை.

தோக்தோசுன் மேசையிலிருந்த வெர்னியரை எடுத்து மீரிமின் கையில் திணித்தார்.

"இன்னொரு தடவை அள, தாயி! எம்மக ரஷ்யாவுலதான் இருக்கா. இவகிட்ட சொல்லிட்டுத்தான் ஓடினா. நீயே கேளு!"

எல்லோரும் புருலைப் பார்த்தார்கள். அவள் பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து மேசையில் வைத்தாள். இறந்தவர்களைச் சுற்றிப் புதைக்கும் கஃபன் துணி. ஆணுக்கு மூன்று துண்டு போதும். இதில் பெண்ணுக்கு உரிய ஐந்து இருந்தது. மடிப்பெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது.

"இதை எப்ப வெட்டி வெச்சே?" தோக்தோசுன் துணியைத் தொட்டுப் பார்த்துக் கேட்டார்.

"அவ காணாமப் போன மறுவாரமே. கணவாய்ல பனி சரிஞ்ச இடத்துல அவ பூட்ஸ் ஒண்ணு எங்கண்ணுல பட்டுது. நீங்க நெஞ்சுவலியில படுத்துக் கிடந்தீங்க."

"அப்புறம் ஏன்டி ஓடிப்போயிட்டான்னு சொன்னே?"

"அவளத் திட்டுறதுக்காவது நீங்க உயிரோட இருப்பீங்கன்னுதான்."