நாலாவது ரப்பர் மெத்தை

துப்பாக்கிக்குள், பின்சுவரில் ஒட்டிய மூன்று ரப்பர் மெத்தைகள் அடுத்தடுத்துக் கிழிந்து குப்பைக்குப் போயின. ‘மட்டமான ரப்பர்’ என்ற கெட்ட பெயர் வேறு! நாலாவதும் பத்தே நாளில் விரிசல் கண்டது.

“இந்தக் காலத்து ரப்பருக்குத் தெம்பே கிடையாது,” என்றது பழைய ஸ்பிரிங்.

மெத்தைக்குச் சுருக்கென்றது. “தோட்டா வெடிச்சதும் பின்னால பாயுற இரும்புக்கட்டை போல்ட்டைத் தாங்கிப் பிடிக்கிறது உங்க வேலைதானே, பெரியவரே? அப்புறம் ஏன் அது என் நெஞ்சுல வந்து இடிக்குது? போல்ட் அண்ணே, சொல்லுங்க!”

“அவர் பிடிச்சா நான் ஏம்மா இடிக்கப்போறேன்?” என்றது போல்ட்.

சுத்தம் செய்ய எல்லாரையும் கழற்றி மேசையில் வைத்தபோது பக்கத்தில் அதே ரகத்தில் ஒரு புது ஸ்பிரிங் கிடந்தது. “உயரம் பார்த்துடலாம், வாங்க!” என்று துள்ளியது மெத்தை. அமுங்கி அமுங்கித் தளர்ந்துபோன பழையது இரண்டு விரற்கடை குட்டை!

பழைய ஸ்பிரிங் தொண்டையைச் செருமியது. “நான் அப்படியேதான் இருக்கேன். இந்தக் காலத்துப் பிள்ளைங்கதான் அநியாயத்துக்கு வளருதுங்க.”