ஒத்து வராத அளவு

குளிர்ந்த விரல் ஒன்று தையல்காரம்மாவின் முதுகெலும்பு வழியாக மெல்ல இறங்கி, இடது தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் வந்து நின்றது.

அங்கே ஒரு மைப்புள்ளி. புள்ளியிலிருந்து முதுகெலும்பு வரை டேப்.

முதல் அளவு முடிந்தது. பிசியோதெரபி பெண் புள்ளியைப் பஞ்சால் துடைத்தாள். இனி எல்லாவற்றையும் புதிதாகத் தேடி இன்னொரு முறை அளப்பாள். இரண்டும் ஒத்து வந்தால்தான் அளவை நம்பலாம். ஒத்து வந்துவிட்டால் தோள் நிலைபெற்றுவிட்டது என்று அர்த்தம்; சிகிச்சை முடிந்தது, இனி வர வேண்டாம்.

அந்த 'வர வேண்டாம்'தான் தையல்காரம்மாவுக்குப் பயம்.

மாடிப்படியில் விழுந்து அடிபட்ட தோள் எப்போதோ சரியாகிவிட்டது. ஆனால் வீட்டில் யார் இருக்கிறார்கள்? வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம். மகன் போனில் நன்றாகத்தான் பேசுகிறான். போனுக்குக் கை கிடையாது. புதன்கிழமைகளில் இந்த விரல்கள் மட்டும்தான் அவள்மேல் படுகின்றன. நினைத்தாலே அழுகை முட்டும்.

அதனால் ஒரு சின்னத் தில்லுமுல்லு. இரண்டாவது அளவின்போது தோளை நூலளவு தூக்கிக்கொள்வாள். நாற்பது வருஷம் ஊரார் உடம்பை அளந்தவளுக்கு ஒரு நூல் எவ்வளவு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்து வாரமாக அந்தப் பெண்ணும் உதட்டைப் பிதுக்கி, அளவு ஒத்து வரவில்லை என்றே சொல்கிறாள்.

இன்றும் தூக்கினாள்.

"காலைல என்னம்மா சாப்பிட்டீங்க?"

என்னவோ சொன்னாள். ஜன்னல் திரை மஞ்சளாக உப்பி அடங்கியது. மின்விசிறிச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போனது. விரல் ஊர்ந்தது. அறை மிதந்தது, அவளும் மிதந்தாள். மிதக்கிறவளுக்குத் தோள் ஞாபகம் எங்கே இருக்கும்?

டேப்பை உருவும்போதுதான் தூக்கிவாரிப் போட்டது. தோள் அது பாட்டுக்கு இறங்கிக் கிடந்தது. போச்சு, எல்லாம் போச்சு.

அங்கி நாடாவைக் கட்டிக்கொண்டே மேஜைமேல் இருந்த அட்டையை எட்டிப் பார்த்தாள்.

இன்றைக்கு எட்டரை சென்டிமீட்டர், எட்டரை.

அதற்கு மேலே போன வாரம். எட்டரை, எட்டரை. ஐந்து வாரமும் அப்படியே, ஒரு நூல் பிசகாமல்.

வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து, வயிறு இறங்கியதும் டேப்பை இறுக்குவது தையல்காரம்மாவின் சொந்த வித்தை. அதை இந்தப் பெண் அவளிடமே காட்டியிருக்கிறாள், கள்ளி.

அந்தப் பெண் அட்டையை மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒத்தே வரமாட்டேங்குதும்மா. அடுத்த புதனும் வந்துடுங்க."